கேட் சர்வர்

காலை ஒன்பதரைக்கு லாரியிலிருந்து கடைசிப் பெட்டியும் இறங்கிவிட்டது. தூக்குவதற்குப் பேக்கிங் பிரிவிலிருந்து நான்கு பேரை அனுப்பியிருந்தார்கள். நால்வரும் காண்ட்ராக்ட் ஆட்கள். சிமென்ட் மூட்டையைத் தலையில் ஏற்றியே பழகியவர்கள். இந்தப் பெட்டிகளைத் தலையில் வைக்கக் கூடாது, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துச் சமமாகக் கொண்டுவர வேண்டும் என்று கீதாஞ்சலி சொன்னபோது அவர்களில் மூத்தவரான தங்கசாமி சிரித்தார்.

"முட்டைத் தட்டத் தூக்குற மாதிரியா பாப்பா?"

"ஆமாண்ணே. உள்ள டிஸ்க்கு இருக்கு. அலுங்கக் கூடாது."

சர்வர் அறை சிமென்ட் ஆலை அலுவலகத்தின் முதல் மாடியில் இருந்தது. செருப்பை வாசலில் விடச் சொன்னார்கள். நான்கு பேரும் வெறுங்காலோடு ஏறி இறங்கியதில் அறையின் வழவழப்பான தரையில் சாம்பல் நிறப் பாதங்கள் வரிசையாகப் பதிந்தன. ஆலையின் கம்ப்யூட்டர் பிரிவு அதிகாரி பஞ்சநாதன் அதைப் பார்த்துவிட்டு, துடைக்கிற பெண்ணைக் கூப்பிட்டார். அவள் ஈரத்துணியோடு அவர்கள் பின்னாலேயே வந்தாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சூளையைப் பழுது பார்ப்பதற்காக நிறுத்தியிருந்தார்கள். காலை பத்து மணியிலிருந்து மாலை நாலு மணிக்குள் பன்னிரண்டு புது சர்வர்களையும் பழையது ஒன்றையும் லினக்ஸ் ஏற்றித் தயார் செய்து கொடுத்துவிட வேண்டும். வேலையை எடுத்திருந்தது அண்ணாதுரையின் திருச்சி கம்பெனி. அங்கே கீதாஞ்சலிக்கு இது மூன்றாவது வருடம். பதினொரு மாதத்துக்கு ஒருமுறை அவள் வேலைக்காகிதத்தைப் புதுப்பிப்பார்கள். அவளோடு வந்திருந்த தௌஃபீக் லப்பைக்குடிக்காட்டுக்காரன். அத்தா துபாயில் இடுப்பு ஒடிந்து ஊர் திரும்பியபின் வீட்டில் சம்பாதிப்பது அவன் ஒருவன்தான். மனைவி மர்ஜியா கர்ப்பமாக இருந்தாள்.

ஒவ்வொரு சர்வரிலும் எட்டு டிஸ்க்குகள். அவற்றை எப்படிச் சேர்ப்பது என்று முதலில் இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். முதல் இரண்டும் ஒன்றுக்கொன்று பிரதி. மிச்ச ஆறும் ஒரே கூட்டு. அந்த ஆறில் இரண்டு செத்துப்போனாலும் தகவல் பிழைத்துக்கொள்ளும். கையால் செய்தால் ஒரு இயந்திரத்துக்கு முக்கால் மணி நேரம் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு பொத்தானை அமுக்க வேண்டும். ஒரு இடத்தில் தப்பினால் மறுபடி முதலிலிருந்து. கீதாஞ்சலி இதற்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தாள். பாடாலூர் வீட்டில், அம்மா வெங்காயம் தரம் பிரிக்கப் போயிருக்கிற பகல்களில், மூன்று வாரம் உட்கார்ந்து எழுதியது. சர்வரை இயக்கினால் போதும். ஸ்கிரிப்ட் பழைய அமைப்பைத் துடைக்கும், புதிதாகச் சேர்க்கும், பிறகு லினக்ஸை அதன்மேல் இறக்கும். எல்லாம் பன்னிரண்டு நிமிடம்.

துடைப்பதற்கு முன்னால் அது ஒரு காரியம் செய்யும். டிஸ்க்குகளில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் அப்படியே நின்றுவிடும். அழிக்கத்தான் வேண்டுமென்றால் இயந்திரத்தின் வரிசை எண்ணை முழுதாக அடி என்று கேட்கும். சென்னையில் அவள் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருவன் ஒரே ஒரு எழுத்தைத் தட்டி, ஓடிக்கொண்டிருந்த சர்வரைத் துடைத்துவிட்டான். எழுந்து போய், குனிந்து, ஸ்டிக்கரைப் பார்த்து எண்ணை அடிக்கிறவனுக்கு எதைத் துடைக்கிறோம் என்று ஒருமுறையாவது தோன்றும் என்பது அவள் கணக்கு.

"பதிமூணாவது எது சார்?" என்று காலையிலேயே பஞ்சநாதனிடம் கேட்டிருந்தாள்.

"அதோ, கீழ் ரேக். பழைய கேட் சர்வர். அதையும் துடைச்சிட்டு ஸ்டோர்ஸ் பிரிவுக்கு லினக்ஸ் ஏத்திக் குடுத்துருங்க."

"உள்ள இருக்கிறது?"

"எல்லாம் ஹெட் ஆபீஸுக்குப் போயிடுச்சு."

"அத ஒரு மெயிலா போட்டுருங்க சார். வழக்கமா கேக்குறதுதான்."

"வரும், வரும்," என்றார் அவர்.

ஒரு மணிக்கு ஒன்பது சர்வர்கள் முடிந்திருந்தன. தௌஃபீக் தொழுதுவிட்டு வருவதாகப் போனான். கீதாஞ்சலி சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கட்டிடத்தின் பின்பக்கம் வந்தாள். காலிப் பெட்டிகளைத் திருப்பி ஏற்ற வேண்டியிருந்ததால் நான்கு பேரும் அங்கேயே புங்கமரத்தடியில் இருந்தார்கள். மூன்று பேர் அட்டையை விரித்துப் படுத்துவிட்டார்கள். தங்கசாமி மட்டும் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் இமைமுடியில் சிமென்ட் படிந்திருந்தது.

"நீ பாடாலூரு ராசாங்கம் மவதான? உங்கப்பன எனக்குத் தெரியும். குவாரியில ஒண்ணா இருந்தம்."

"ஆமாண்ணே. அப்பா போயி நாலு வருசமாச்சு."

"தெரியும் பாப்பா. காரியத்துக்கு வந்திருந்தன்." டீயைக் குடித்து முடித்து கிளாஸின் அடியில் மிஞ்சியதைத் தரையில் கொட்டினார். "கேட்டுல நாங்க கார்டு காட்டுறமே, அது பதியுறது எந்தப் பொட்டியில?"

"பழைய பொட்டியில இருந்துச்சு. இந்த மாசத்துலேருந்து நேரா ஹெட் ஆபீஸுக்குப் போவுதாம்."

"அப்ப பழசு?"

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அவள் கை நின்றது. "ஏண்ணே கேக்குறீங்க?"

தங்கசாமி சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னார். "அறுவத்திமூணு பேரு மனு குடுத்துருக்கம். ரெண்டு வருசத்துல நானூத்தி எம்பது நாள் வேல பாத்திருந்தா பெர்மனென்ட் பண்ணணும்னு சட்டம் இருக்காம்ல. நான் பதினோரு வருசமா வரேன். ஆனா காண்ட்ராக்டரு மூணு பேரு மாறிட்டான். ஒவ்வொருத்தனும் பி.எஃப்.புல மாசம் பத்து நாளுதான் காட்டிருக்கான். அரியலூரு தொழிலாளர் ஆபீஸு மேடம் என்ன சொல்லிடுச்சு? கேட்டுல பதிவானதக் கொண்டாந்து குடுன்னு கம்பெனிக்கு லெட்டர் போட்டுடுச்சு. வர்ற வியாழக்கெழம கெடு." கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டினார். முகம் இருந்த இடம் தேய்ந்து வெளுத்திருந்தது. "காண்ட்ராக்டரு பொய் எழுதலாம். கேட்டு மிசின் எழுதாதுல்ல?"

"எழுதாதுண்ணே," என்றாள் கீதாஞ்சலி. பாதிச் சாப்பாட்டோடு டப்பாவை மூடினாள்.

அவள் மேலே வந்தபோது அறையில் யாரும் இல்லை. கேட் சர்வரின் திரையைத் திறந்தாள். பதிவுகள் இருந்தன. கடைசி வரி போன மாதம் முப்பதாம் தேதி இரவு பத்து மணி நாலு நிமிடம். தங்கசாமியின் அட்டை எண்ணை அடித்துப் பார்த்தாள். உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே என்று வரிகள் இறங்கிக்கொண்டே போயின. அவள் கீழே தள்ளத் தள்ள அவை தீரவே இல்லை. பிறகு இதிலிருந்து கடைசியாகப் பிரதி எடுத்தது எப்போது என்று பார்த்தாள். இரண்டரை வருடத்துக்கு முன்னால். அதன்பின் ஒவ்வொரு வாரமும் பிரதி எடுக்க முயன்று தோற்றதாக ஒரே செய்தி வந்திருந்தது. யாரும் அதைத் திறந்து படிக்கவில்லை.

பஞ்சநாதன் உள்ளே வந்தார். கூடவே அண்ணாதுரையும்.

"சார், இது ஹெட் ஆபீஸுக்குப் போகல," என்றாள். "ரெண்டரை வருசமா பேக்கப்பே எடுக்கல."

"அத நீங்க ஏன் திறந்தீங்க?"

"துடைக்கிறதுக்கு முன்னாடி பாக்கணும் சார். ரொம்பச் சின்ன ஃபைல்தான். இந்தப் புது சர்வர்லயே ஒரு ஓரமா காப்பி பண்ணி வெச்சிர்றேன். அஞ்சு நிமிசம்கூட ஆவாது."

"லிஸ்ட்ல என்ன இருக்கு?"

"சார்..."

"லிஸ்ட்ல காப்பின்னு இருக்கா? துடைன்னு இருக்கு." பஞ்சநாதன் குனிந்து, கேட் சர்வரின் பொத்தானை விரலால் அமுக்கிப் பிடித்தார். விளக்கு அணைந்தது. "கணக்குப் பாக்கவா வந்தீங்க? வந்த வேலயப் பாருங்க."

அண்ணாதுரை அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். அவருடைய சட்டைக் காலர் நனைந்திருந்தது.

"கீதா, அவங்க மிஷின், அவங்க டிஸ்க்கு. வெச்சிருந்தா என்ன, அழிச்சா நமக்கென்ன?"

"வியாழக்கெழம இத தொழிலாளர் ஆபீஸ்ல குடுக்கணும் சார். அறுபத்திமூணு பேரோடது."

"உனக்கு யாரு சொன்னா?"

அவள் கண்ணைத் திருப்பி அறைக்கதவைப் பார்த்தாள்.

"இங்க பாரு. இது ஒழுங்கா முடிஞ்சா இவங்களோட இன்னும் நாலு ஆலை நமக்குத்தான். உன் ஸ்கிரிப்ட வெச்சுத்தான் நான் ஆறு மணி நேரம்னு ஒத்துக்கிட்டேன். உன் ரினிவல் பேப்பர் என் மேசையில கெடக்கு. இதுக்குமேல நான் என்ன சொல்ல?"

"நான் அந்த நம்பர அடிக்க மாட்டேன் சார்."

அண்ணாதுரை காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "சரி, நீ அடிக்க வேணாம்," என்று உள்ளே போனார்.

மூன்றரைக்குப் பன்னிரண்டும் முடிந்துவிட்டது. தௌஃபீக் பதிமூன்றாவது சர்வரில் வயரைச் சொருகிவிட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தான். சர்வர் மின்விசிறிகள் அலறி அடங்கின. ஸ்கிரிப்ட் ஓடியது, டிஸ்க்குகளில் தகவல் இருப்பதைக் கண்டு நின்றது. வரிசை எண்ணைக் கேட்டது. கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

தௌஃபீக் கீதாஞ்சலியைப் பார்த்தான். அவள் ரேக்குக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"நம்பர் தெரியல சார்," என்றான்.

"முன்னாடி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்ல?"

"சின்ன எழுத்து சார். கண்ணுக்குத் தெரியல."

அண்ணாதுரை தரையில் மண்டியிட்டார். செல்போன் விளக்கை அடித்து ஸ்டிக்கரைப் படித்தார். "ஜே... பூஜ்யம்... நாலு..." ஒவ்வொன்றுக்கும் தௌஃபீக்கின் விரல் ஒரு கணம் தயங்கித் தட்டியது. ஏழு எழுத்து. கடைசியில் எட்டா பி-யா என்று அண்ணாதுரைக்குச் சந்தேகம் வந்தது. "எட்டு போட்டுப் பாரு," என்றார். ஸ்கிரிப்ட் தப்பு என்றது. தௌஃபீக் நாற்காலியைப் பின்னால் தள்ளினான்.

"பி போடுப்பா," என்றார் பஞ்சநாதன்.

அவன் பி போட்டான்.

வரிகள் மேலேறத் தொடங்கின. பழைய அமைப்பு நீக்கப்பட்டது. புது அமைப்பு உருவாகிறது. கீதாஞ்சலிக்கு ஒவ்வொரு வரியும் மனப்பாடம். இதுவரை அழிந்தது எந்தத் தகவல் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்ற குறிப்பு மட்டும்தான். தகவல் இன்னும் டிஸ்க்குகளிலேயே கிடக்கிறது. சென்னையில் இதற்கென்று இருக்கிற லேபில் கொடுத்தால் மீட்டுவிடுவார்கள். லினக்ஸ் இறங்கி அதன்மேல் எழுதத் தொடங்கினால்தான் போய்விடும். அதற்கு இன்னும் ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ.

அவள் ரேக் முன்னால் உட்கார்ந்து முதல் டிஸ்க்கின் பிடியை அழுத்தி இழுத்தாள். சடக்கென்று வந்துவிட்டது. இரண்டாவது. மூன்றாவது. சர்வர் கீச்கீச்சென்று கத்தத் தொடங்கியது. பச்சை விளக்குகள் மஞ்சளாயின.

"ஏய், என்ன பண்ற?" பஞ்சநாதன் ஓடிவந்தார். அவர் குனிவதற்குள் எட்டும் அவள் மடியில் இருந்தன. சூடாக இருந்தன.

"இதுல எதுவும் எழுதக் கூடாது சார். இப்படியே ஒரு பையில போட்டு லேபுக்கு அனுப்பினா எல்லாத்தையும் எடுத்துரலாம். வரிச மாறக் கூடாது." அவளுக்கு மூச்சு வாங்கியது. "ஒரு பேனா குடுங்க, யாராவது."

பஞ்சநாதன் போனில் செக்யூரிட்டியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணாதுரை தலையில் கைவைத்து நின்றார். தௌஃபீக் எழுந்து, பெட்டிகளில் எண் எழுத வைத்திருந்த மார்க்கரை எடுத்து அவள் பக்கம் தரையில் உருட்டிவிட்டான். எழுந்ததும் உட்கார்ந்ததும் தெரியாமல் திரைக்குத் திரும்பிவிட்டான்.

அவள் ஒவ்வொரு டிஸ்க்கின் நெற்றியிலும் எண் போட்டாள். பூஜ்யத்திலிருந்து ஏழு வரை. ஏழைப் போடும்போது செக்யூரிட்டிப் பெண்கள் இருவர் வந்து தோளைத் தொட்டார்கள். டிஸ்க்குகளைப் பஞ்சநாதன் வாங்கிக்கொண்டார். அவள் அடையாள அட்டையையும் வாங்கினார். படியிறங்கும்போது தங்கசாமியும் மற்றவர்களும் காலிப் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு காவலர்களுக்கு நடுவில் அவள் போவதைப் பார்த்து அவர் பெட்டியை இறக்கி வைத்தார்.

திங்கட்கிழமை காலை கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. ஒழுங்கீனம், வாடிக்கையாளரின் சொத்துக்குச் சேதம், உடனடியாக நீக்கம். வேலையில் இருந்தபோது எழுதிய எல்லா ஸ்கிரிப்டுகளும் கம்பெனிக்கே சொந்தம், தன்னிடம் உள்ள பிரதிகளை அழித்துவிட்டு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்று கீழே ஒரு வரி.

அவள் அம்மா குஞ்சம்மாள் வெங்காய மண்டியிலிருந்து மதியமே வந்துவிட்டாள். யாரோ சொல்லியிருந்தார்கள். கண்கள் சிவந்திருந்தன. அது வெங்காயத்தாலா என்று கீதாஞ்சலிக்குத் தெரியவில்லை.

"நீ எதுக்குடி அதப் புடுங்குன? அடிக்க மாட்டேன்னு சொன்னல்ல, அதோட சும்மா நின்னிருக்கக் கூடாதா?"

"நின்னுருந்தா அழிஞ்சிருக்கும்மா."

"இப்ப?"

"இப்ப இருக்கும். டிஸ்க்கு அவங்ககிட்டதான் இருக்கு. தொழிலாளர் ஆபீஸ்ல கேட்டா குடுத்துத்தான ஆவணும்?"

குஞ்சம்மாள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் தங்கசாமி போன் செய்தார். குரல் வேறு மாதிரி இருந்தது.

"பாப்பா, கம்பெனியில பதில் குடுத்துட்டானுவ. ஓடிக்கிட்டிருந்த மிசின்லேருந்து காண்ட்ராக்ட் பொம்பள ஒண்ணு டிஸ்க்கப் புடுங்கிடுச்சு, அதுல எல்லாப் பதிவும் போயிடுச்சுன்னு எழுதிருக்கானுவ. ஒம் பேரு போட்டுருக்கு. நீதான் புடுங்குனியா?"

"நாந்தாண்ணே புடுங்குனேன்."

 அவர் பக்கம் லாரி ஒன்று ஹாரன் அடித்தது.

"காப்பாத்தத்தாண்ணே புடுங்குனேன்," என்று தொடங்கி அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். எவ்வளவு புரிந்ததென்று தெரியவில்லை.

"இங்க பயலுவ உன்னயத் திட்டுறானுவ பாப்பா. நான் பாத்தன், ரெண்டு பேரு உன்ன இழுத்துட்டுப் போனத. அதச் சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டேங்குறான். அடுத்த செவ்வாக்கெழம விசாரணை. நீ வந்து அந்த மேடத்துக்கிட்ட சொல்லுவியா?"

அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த குஞ்சம்மாள், வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

"வரேண்ணே," என்றாள் கீதாஞ்சலி.

அரியலூர் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை அறை சிறியது. அதிகாரி பரிமளா மேசைக்குப் பின்னால் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். ஒரு பக்கம் ஆலையின் வக்கீல், பஞ்சநாதன், அண்ணாதுரை, தௌஃபீக். மறு பக்கம் தங்கசாமியும் இன்னும் இரண்டு பேரும். மற்றவர்கள் ஜன்னலுக்கு வெளியே வெயிலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். கீதாஞ்சலி வந்தபோது அவர்களில் யாரும் வழிவிடவில்லை. அவள் இடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தாள்.

வக்கீல் எழுந்தார். "டிஸ்க்க உருவினது நீங்கதானா? ஆமாவா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

"ஆமா. ஆனா அதுக்கு முன்னாடியே துடைக்க ஆரம்பிச்சிட்டாங்க."

"துடைச்சது யார் எழுதின ஸ்கிரிப்ட்?"

"நான் எழுதினது."

வக்கீல் அதிகாரியைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"நீங்க சொல்லுங்கம்மா, மெதுவா," என்றார் பரிமளா.

அவள் சொன்னாள். "ஒரு பெரிய பதிவேடு மேடம். எந்தப் பேரு எந்தப் பக்கத்துலன்னு முன்னாடி ஒரு தாள் இருக்கும்ல, அதத்தான் கிழிச்சாங்க. பக்கம் எல்லாம் அப்படியேதான் இருந்துச்சு. அதுமேல வெள்ளை அடிக்க வந்தாங்க. அதுக்குள்ள நான் பதிவேட்டத் தூக்கிட்டேன். எட்டுலயும் நம்பர் போட்டுருக்கேன். லேபுக்கு அனுப்பினா திரும்ப வந்துரும்."

பரிமளா நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். "சரி. அந்த எட்டு டிஸ்க்கும் இப்ப எங்க?"

பஞ்சநாதன் ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "சேதமானதால மின்கழிவுன்னு ஒதுக்கிட்டோம் மேடம். போன புதன்கிழமையே ஏஜென்சிக்குக் குடுத்தாச்சு. தூளாக்கிட்டதுக்குச் சர்டிபிகேட் இருக்கு."

"நான் பதிவுகளக் கேட்டு லெட்டர் போட்டிருந்தேனே. கேட்டுக்கிட்டிருக்கிறப்ப எப்படி ஒதுக்குனீங்க?"

"எங்க பாலிசி மேடம். கெட்டுப்போன டிஸ்க்க வளாகத்துல வெச்சிருக்கக் கூடாது. கெட்டுப்போனதுக்கு நாங்க காரணமில்ல."

கீதாஞ்சலி அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். எட்டு டிஸ்க்குகளின் எண்கள், எடை, நான்கு கிலோ நானூறு கிராம். அரைத்துத் துகளாக்கப்பட்டது என்று முத்திரை. அவள் எண்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினாள். பரிமளா மெல்ல அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"வரிசை எண்ணை அடிச்சது யார்?" என்று தௌஃபீக்கைக் கேட்டார்.

அவன் அண்ணாதுரையின் பக்கம் திரும்பவில்லை. மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எனக்குச் சரியா ஞாபகமில்லீங்க மேடம்."

"அந்த அறையில நீங்க இருந்தீங்கல்ல?"

"இருந்தேன் மேடம். வேற வேலையா இருந்தேன்."

பரிமளா வெகுநேரம் எழுதினார். கீதாஞ்சலி சொன்னதையெல்லாம் வாக்குமூலமாகப் பதிந்து கையெழுத்து வாங்கினார். டிஸ்க்குகளை ஒதுக்கியதற்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்புவதாகச் சொன்னார். பிறகு தங்கசாமியிடம் திரும்பினார்.

"அதுக்கு அவங்க பதில் சொல்லட்டும். ஆனா நானூத்தி எம்பது நாள் வேலை பாத்ததுக்கு ஏதாவது ஒண்ணு என் ஃபைல்ல இருக்கணும்ங்க. உங்ககிட்ட என்ன இருக்கோ, எந்தத் தேதியில வேலைக்கு வந்தீங்க, என்ன வேலை பாத்தீங்க, ஆள் ஆளுக்கு எழுதிக் குடுங்க. பதினஞ்சு நாள் டைம் தரேன்."

"தேதி வாரியாவாம்மா?"

"தேதி வாரியா."

வெளியே வராந்தாவில் தௌஃபீக் அவளுக்காக நின்றிருந்தான். அண்ணாதுரை காரில் ஏறிவிட்டார்.

"மர்ஜியாவுக்கு ஏழாம் மாசம் கீதா," என்றான். "அத்தாவுக்கும் வாராவாரம் திருச்சி போவணும். அல்லா என்னய மன்னிக்கட்டும், வேற எதுவும் சொல்லத் தெரியல."

"மார்க்கர் நீங்க குடுத்ததா நான் சொல்லல," என்றாள் அவள்.

அவன் வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தான். கார் ஹாரன் அடித்தது. போய்விட்டான்.

அலுவலக வளாகத்தில் மதில் ஓரமாக நிழல் ஒரு முழம்தான் இருந்தது. நாற்பது பேருக்கு மேல் அதில் முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். தங்கசாமி எதிர்க் கடையிலிருந்து ஒரு நீளமான நோட்டும் ஸ்கேலும் வாங்கி வந்து கீதாஞ்சலியிடம் கொடுத்தார். அவளைத் திட்டியவர்களில் ஒருவன் தன் துண்டை மடித்து அவள் உட்காரப் போட்டான். 

அவள் மாதத்துக்கு ஒரு பக்கமாகக் கோடு போட்டாள். பக்கத்துக்கு முப்பத்தொரு கட்டம். "முதல்ல உங்களோடது சொல்லுங்கண்ணே. எந்தெந்த நாள் ஞாபகம் இருக்கு?"

"தை மொத நாளு வேலைக்கு வந்தன். அன்னிக்கு லீவு குடுக்கல."

"ரெண்டு வருசமுமா?"

"ரெண்டு வருசமும். அப்புறம் எம்.பி. எலக்சன் அன்னிக்கு. ஓட்டுப் போட்டுட்டு வர்றன்னு சொன்னதுக்கு அர நாள் போச்சு."

"பெல்ட்டு அறுந்து நம்ம செல்லமுத்து கையி போன நாளு," என்றான் ஒருவன். "அன்னிக்கு நாம எல்லாருமே இருந்தம்."

"அது என்ன தேதி?"

"கார்த்திக மாசம். வெள்ளிக்கெழம."

"வியாழன்டா. மறுநாள்தான ஆஸ்பத்திரிக்குப் போயி பாத்தம்."

ஒருவன் மகள் பெரியவளானபோது லீவு கேட்டுக் கிடைக்காத நாளைச் சொன்னான். ஒருவன் புயல் மழையில் மூட்டைகளுக்குத் தார்ப்பாய் போட்ட மூன்று நாட்களைச் சொன்னான். கலெக்டர் வந்த நாள். கேன்டீன் சாம்பாரில் பல்லி கிடந்த நாள். கீதாஞ்சலி போன் காலண்டரில் தேடித் தேடி ஒவ்வொன்றாகக் கட்டத்தில் குறித்தாள். பிறகு பேச்சு நின்றுவிட்டது. எல்லோரும் தரையைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தார்கள். அவள் எண்ணினாள். தங்கசாமிக்கு இருபத்தாறு நாள்.

"இன்னும் சொல்லுங்கண்ணே."

"சும்மா வந்து சும்மா மூட்ட தூக்குன நாளு எப்படிம்மா ஞாபகம் இருக்கும்?" என்றார் அவர்.

பன்னிரண்டே முக்கால் பஸ் திருப்பத்தில் தெரிந்தது. இரண்டு மணி ஷிப்டுக்கு அதுதான் கடைசி பஸ். எல்லோரும் எழுந்து வேட்டியையும் பேன்டையும் தட்டிக்கொண்டு கேட்டை நோக்கி ஓடினார்கள். பஸ் நிற்பதற்கு முன்பே பின்படியில் பத்துப் பேர் தொங்கிவிட்டார்கள். தங்கசாமி பாதி தூரம் ஓடியவர், நின்று, கைகளை வாய்க்கு இரண்டு பக்கமும் குவித்துக் கத்தினார்.

"இன்னிக்கும் வேலைக்குப் போறன் பாப்பா! அத எழுதிக்க!"

அவள் பக்கத்தைத் திருப்பி அந்த மாதத்தைத் தேடினாள். முப்பத்தொரு கட்டமும் வெறுமையாக இருந்தன. மதிலின் நிழல் சுருங்கி வெயில் நோட்டின்மேல் ஏறியிருந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு அன்றைய கட்டத்தில் பேனாவை வைத்தாள். பஸ் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. ஏற இடம் கிடைக்காத நாலைந்து பேர் அதன் பின்னாலேயே, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்தார்கள்.